பல ஆயிரம் கோடியில் மழைநீர் வடிகால்... ஆனாலும் சென்னையில் தண்ணி தேங்குவது ஏன்?

2024 அக்டோபர் நடுவில் நடந்தது இது. சென்னைக்கு கனமழை எச்சரிக்கை வந்திருந்தது. மழை சரியாக ஆரம்பிக்கக்கூட இல்லை. அதற்குள் வேளச்சேரி மேம்பாலத்தின் ஓரத்தில் கார்கள் வரிசை கட்டி நின்றன. தெருவில் விட்டால் மூழ்கிவிடும் என்று, சுற்றுவட்டார மக்கள் வண்டிகளைக் கொண்டுவந்து பாலத்தின் மேல் ஏற்றிவிட்டுப் போனார்கள்.

அந்தப் படங்கள் சமூக வலைதளங்களில் சுற்றியபோது சிலர் சிரித்தார்கள். ஆனால் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் நாள்கணக்கில் தண்ணிக்குள் இருந்தவர்களுக்கு அதில் சிரிக்க எதுவும் இல்லை. "இந்த வாட்டி தண்ணி நிக்காது" என்று யார் சொன்னாலும் நம்புவதாக இல்லை என்பதுதான் அந்த கார் வரிசை சொன்ன சேதி.

இத்தனைக்கும் 2021-க்குப் பிறகு சென்னையில் தோண்டாத தெரு இல்லை. மாநகராட்சியின் மழைநீர் வடிகால்களின் மொத்த நீளம் இப்போது சுமார் 3,000 கி.மீ. கொசஸ்தலையாறு படுகைத் திட்டத்துக்கு மட்டும் 3,220 கோடி ரூபாய். ஆசிய வளர்ச்சி வங்கி, உலக வங்கி, ஜெர்மனியின் கேஎஃப்டபிள்யூ வங்கி என்று பல இடங்களில் இருந்து கடன் வாங்கி வேலை நடந்திருக்கிறது.

அப்புறமும் ஏன் தேங்குது? வடிகால் சரியில்லையா, மழை ஜாஸ்தியா, இல்லை வேறு ஏதாவது காரணமா? மழைநீர் போகும் பாதையைக் கடைசி வரை பின்தொடர்ந்து பார்த்தால் இதற்குப் பதில் கிடைக்கும்.

முதலில் ஒரு கணக்கு

ஒரு சதுர கி.மீ. பரப்பில் 1 செ.மீ. மழை பெய்தால் அது 1 கோடி லிட்டர் தண்ணி. சென்னை மாநகராட்சியின் பரப்பு 426 சதுர கி.மீ. நகரம் முழுக்க 10 செ.மீ. மழை பெய்தால் 4,260 கோடி லிட்டர். நமக்குப் பழக்கமான கணக்கில் சொன்னால் சுமார் 1.5 டிஎம்சி.

செம்பரம்பாக்கம் ஏரியின் முழுக் கொள்ளளவு 3.645 டிஎம்சி. அதாவது நகரம் முழுக்க 24 செ.மீ. மழை பெய்தால், கிட்டத்தட்ட ஒரு செம்பரம்பாக்கம் ஏரியையே கொண்டுவந்து நம் தெருக்களில் கொட்டிய மாதிரி.

அந்த அளவுக்கு மழை பெய்யுமா? 2021 நவம்பர் 7-ம் தேதி காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் நுங்கம்பாக்கத்தில் பதிவானது சுமார் 21 செ.மீ. 2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மிக்ஜாம் சமயத்தில் நுங்கம்பாக்கத்தில் இரண்டு நாளில் 40 செ.மீ.க்கு மேல்.

சென்னையின் வருட சராசரி மழை சுமார் 140 செ.மீ. அதில் பெரும்பகுதி வடகிழக்குப் பருவமழை காலமான அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்துவிடுகிறது. அதுவும் மூன்று மாதத்துக்கும் சமமாகப் பிரிந்து வருவதில்லை. நாலைந்து நாட்களில் மொத்தமாகக் கொட்டுகிறது. பிரச்சினையின் தொடக்கம் இதுதான்.

உங்கள் தெரு தண்ணி கடலுக்குப் போவது எப்படி?

தெருவில் விழும் மழைநீர் கடலுக்குப் போக நான்கு கட்டங்களைத் தாண்ட வேண்டும்.

முதல் கட்டம், தெருவோர வடிகால். சாலையோரம் இருக்கும் துளைகள் வழியாகத் தண்ணி இதில் இறங்கும். நம் கண்ணுக்குத் தெரிவதும், தேர்தல் நேரத்தில் பேசப்படுவதும், போஸ்டரில் வருவதும் இந்தக் கட்டம்தான்.

இரண்டாவது, பெரிய கால்வாய்கள். ஓட்டேரி நல்லா, விருகம்பாக்கம்-அரும்பாக்கம் கால்வாய், மாம்பலம் கால்வாய், கேப்டன் காட்டன் கால்வாய், வீராங்கல் ஓடை போன்றவை. பல தெருக்களின் வடிகால்கள் இவற்றில் வந்து சேர்கின்றன.

மூன்றாவது, ஆறுகள். வடக்கே கொசஸ்தலையாறு, நடுவில் கூவம், தெற்கே அடையாறு. இவற்றைக் குறுக்காக வெட்டிக்கொண்டு, கடற்கரைக்கு இணையாக ஓடுவது பக்கிங்ஹாம் கால்வாய்.

நான்காவது, முகத்துவாரம். எண்ணூர், கூவம், அடையாறு, கோவளம் ஆகிய நான்கு இடங்களில்தான் இந்தத் தண்ணி முழுக்கக் கடலில் கலக்க வேண்டும்.

கல்யாண வீட்டுப் பந்தியை நினைத்துப் பாருங்கள். இலையில் உட்கார்ந்தவர்கள் எழுந்தால்தான் பின்னால் நிற்பவர்கள் உட்கார முடியும். மண்டபத்தின் வாசலை எவ்வளவு பெரிசாக இடித்துக் கட்டினாலும் பந்தி நகரவில்லை என்றால் கூட்டம் தெருவில்தான் நிற்கும். தெருவோர வடிகால் என்பது வாசல். முகத்துவாரம்தான் பந்தி.

வடிகால் எந்தத் தண்ணியையும் காணாமல் போகச் செய்யாது. ஒரு இடத்தில் இருப்பதை இன்னொரு இடத்துக்குக் கொண்டுபோகும், அவ்வளவுதான். அந்த இன்னொரு இடம் ஏற்கெனவே நிரம்பியிருந்தால் என்ன ஆகும் என்பதற்கு வேளச்சேரியே உதாரணம்.

5 கி.மீ. தூரத்தில் கடல்... ஆனால் போகும் வழி வேறு

வேளச்சேரியில் இருந்து நேர் கிழக்கே சுமார் 5 கி.மீ. போனால் திருவான்மியூர் கடற்கரை வந்துவிடும். ஆனால் வேளச்சேரி தண்ணி அந்த வழியில் போக முடியாது. கடலோரத்தில் மணல் மேடு. உள்பக்கம்தான் தாழ்வு.

அதனால் தண்ணி முதலில் தெற்கே பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குப் போகிறது. அங்கே பரவி நின்று, ஒக்கியம் மடுவு என்ற ஒரு வழியாக ஓஎம்ஆர் சாலையைக் கடந்து, தெற்கு பக்கிங்ஹாம் கால்வாயில் இறங்குகிறது. பிறகு கடலை இடது கைப் பக்கம் வைத்துக்கொண்டே 10 கி.மீ.க்கு மேல் தெற்கு நோக்கி ஓடி, முட்டுக்காடு பக்கம் கோவளம் முகத்துவாரத்தில் கடலைச் சேர்கிறது.

வேளச்சேரி மட்டும் இல்லை. தென்சென்னையின் சுமார் 250 சதுர கி.மீ. பரப்பில் விழும் மழை, முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகளின் உபரிநீரோடு சேர்ந்து இந்தச் சதுப்பு நிலத்துக்குத்தான் வருகிறது. வெளியே போக முக்கியமான வழி ஒக்கியம் மடுவு. அது அடைபட்டாலோ, எதிர்ப்பக்கம் பக்கிங்ஹாம் கால்வாய் நிரம்பியிருந்தாலோ சதுப்பு நிலத்தின் நீர்மட்டம் ஏறும். அப்போது வேளச்சேரி, மடிப்பாக்கம், பள்ளிக்கரணை தெருக்களில் வடிகால் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் தண்ணி நகராது. சில நேரம் வடிகால் வழியாகவே தெருவுக்குத் திரும்பி வரும்.

பள்ளிக்கரணை சதுப்பு நிலம் ஒரு காலத்தில் சுமார் 5,000 ஹெக்டேர் பரப்பில் இருந்தது. அதில் குப்பைக் கிடங்கு வந்தது, சாலைகள் வந்தன, ஐடி நிறுவனங்கள், அடுக்குமாடிகள், அரசுக் கட்டடங்கள் வந்தன. 2022-ல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டபோது அதன் பரப்பு சுமார் 1,248 ஹெக்டேர். தண்ணி வந்து நிற்க வேண்டிய இடத்தில் முக்கால் பங்கு போய்விட்டது. வரும் தண்ணியின் அளவு குறையவில்லை. மிச்சம் எங்கே போகும்? வீட்டுக்குள்தான்.

கடல் கதவைச் சாத்தும் நேரம்

"கடல்தான் அவ்வளவு பெரிசா இருக்கே, எவ்வளவு தண்ணி வந்தாலும் வாங்கிக்காதா?" என்று கேட்கலாம். எல்லா நேரமும் வாங்காது.

கடல் மட்டம் ஒரு நாளில் இரண்டு முறை ஏறும், இரண்டு முறை இறங்கும். மீனவர்கள் ஓதம் என்று சொல்வது இதைத்தான். சென்னையில் இந்த ஏற்ற இறக்கம் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் 1 மீட்டர் அளவுக்கு இருக்கும். 1 மீட்டர் என்பது கேட்கச் சின்னதாகத் தெரியும். ஆனால் சென்னை நகரமே கடல் மட்டத்தில் இருந்து சராசரியாக 6.7 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. பல பகுதிகள் அதைவிடத் தாழ்வு.

வடிகாலில் தண்ணி ஓட சரிவு வேண்டும். ஆயிரத்தில் ஒரு பங்கு சரிவு என்று வைத்தால்கூட, 3 கி.மீ. நீளத்துக்கு வடிகாலின் அடிமட்டம் 3 மீட்டர் இறங்க வேண்டும். மட்டமான நிலத்தில் அந்த 3 மீட்டரைத் தேடுவதே கஷ்டம். அதில் 1 மீட்டரைக் கடலே திருப்பி எடுத்துக்கொண்டால் மிச்சம் என்ன இருக்கும்?

புயல் நேரத்தில் நிலைமை இன்னும் மோசம். காற்று கடல்நீரைக் கரைப் பக்கம் தள்ளுவதால் வழக்கத்தைவிட மட்டம் உயரும். மிக்ஜாம் சென்னைக்கு அருகே கடலில் மெதுவாக நகர்ந்தபோது நடந்தது இதுதான். மேலே இருந்து மழை நிற்கவில்லை, கீழே கடல் வாங்கவில்லை, நடுவில் நகரம் நின்றது.

முகத்துவாரங்களில் சேரும் மணல் இன்னொரு தடை. வங்கக் கடலோர நீரோட்டம் வருடத்தின் பெரும்பகுதியில் தெற்கில் இருந்து வடக்கே மணலைத் தள்ளிக்கொண்டு வருகிறது. கூவம், அடையாறு முகத்துவாரங்களில் அந்த மணல் திட்டாகச் சேர்ந்து வழியை அடைக்கிறது. பருவமழைக்கு முன்னால் ஒவ்வொரு வருடமும் பொக்லைன் வைத்து அதை அகற்ற வேண்டியிருக்கிறது. ஒரு வருடம் தாமதித்தாலும் அதன் விலையைப் பல கி.மீ. தள்ளி இருக்கும் தெருக்கள் கொடுக்க வேண்டும்.

வடிகாலை எந்த மழைக்கு டிசைன் பண்றாங்க?

எந்த மழை வந்தாலும் தாங்கும் வடிகால் என்று உலகத்தில் எங்கேயும் கிடையாது. இவ்வளவு மழை வரை தாங்கினால் போதும் என்று ஒரு அளவு வைத்துத்தான் கட்டுவார்கள்.

மத்திய வீட்டுவசதி, நகர்ப்புற விவகாரங்கள் அமைச்சகம் 2019-ல் வெளியிட்ட மழைநீர் வடிகால் கையேட்டின்படி, சென்னை மாதிரியான பெருநகரங்களின் மையப் பகுதிகளில் 5 வருடத்துக்கு ஒருமுறை வரக்கூடிய மழையைத் தாங்கும் அளவுக்கு வடிகால் இருக்க வேண்டும். புறப்பகுதிகளுக்கு 2 வருடத்துக்கு ஒருமுறை வரும் மழை போதும்.

இதைப் பலர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். "5 வருஷத்துக்கு ஒரு வாட்டிதானே நிரம்பும், இந்த வருஷம் நிரம்பிடுச்சு, இனி 5 வருஷம் கவலை இல்லை" என்பது சரியான கணக்கு இல்லை. ஒவ்வொரு வருடமும் அந்த அளவைத் தாண்டும் மழை வர 20% வாய்ப்பு இருக்கிறது என்பதே அர்த்தம். அடுத்தடுத்த வருடமும் வரலாம்.

20 வருட வீட்டுக் கடனில் ஒரு தரைத்தள வீடு வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கடன் முடிவதற்குள் அந்த வடிகால் ஒருமுறையாவது நிரம்பி வழிய வாய்ப்பு எவ்வளவு? 99 சதவீதத்தை நெருங்குகிறது. வடிகால் ஒழுங்காகக் கட்டி, ஒழுங்காகத் தூர்வாரி வைத்திருந்தாலும் இதுதான் கணக்கு.

அதற்காக வடிகால் கட்டியது வீண் என்று ஆகாது. 2021-ல் தி.நகர் உட்பட நகரின் மையப் பகுதிகள் பல நாள் தண்ணியில் நின்றன. புது வடிகால்கள் வந்த பிறகு 2022 பருவமழையில் அதே பகுதிகள் பலவற்றில் தண்ணி வேகமாக வடிந்தது. சாதாரண கனமழைக்கு வடிகால் பலன் கொடுக்கிறது. மிக்ஜாம் மாதிரி மழைக்கு அது மட்டும் போதாது. இந்த இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை. ஆட்சியில் இருப்பவர்கள் முதலாவதை மட்டும் சொல்வார்கள், எதிர்க்கட்சிகள் இரண்டாவதை மட்டும் சொல்வார்கள்.

மண் தரை கான்கிரீட் ஆனால் என்ன ஆகும்?

10 ஹெக்டேர், அதாவது சுமார் 25 ஏக்கர் பரப்பில் ஒரு குடியிருப்புப் பகுதி. மணிக்கு 5 செ.மீ. வேகத்தில் மழை கொட்டுகிறது.

அந்த இடம் தோப்பும் துரவுமாக, திறந்த மண்ணாக இருந்த காலத்தில் விழும் மழையில் 30% வழிந்தோடியது என்று வைத்தால், வடிகாலுக்கு வருவது வினாடிக்கு சுமார் 420 லிட்டர். அதே இடம் வீடு, மாடி, சிமெண்ட் தரை, தார் ரோடு என்று மாறி 85% வழிந்தோடினால் வினாடிக்கு சுமார் 1,180 லிட்டர்.

சென்னைக்காரர்களுக்குத் தண்ணி லாரிக் கணக்கு நன்றாகப் புரியும். முதல் நிலையில், அரை நிமிடத்துக்கு ஒரு 12,000 லிட்டர் லாரி வடிகாலில் கொட்டப்படுகிறது. இரண்டாவது நிலையில், 10 வினாடிக்கு ஒரு லாரி. மழை அதேதான், வடிகாலும் அதேதான். தரை மட்டும் மாறியிருக்கிறது.

அதாவது 1990-களில் போட்ட வடிகால், இன்று சுத்தமாக இருந்தாலும், இன்றைய தண்ணிக்குப் போதாமல் போகலாம். பக்கத்து காலி மனையில் அபார்ட்மெண்ட் வரும்போது உங்கள் வீட்டு வாசலில் தண்ணி ஏறுவதற்கு இதுவே காரணம். அந்த மனை இத்தனை நாள் ஓசியில் உங்கள் தெருவுக்குக் குளமாக வேலை பார்த்துக்கொண்டு இருந்தது.

இதோடு சாலை உயர்வும் சேர்கிறது. பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புது ரோடு போட வேண்டும். மேலேயே அடுக்கு மேல் அடுக்காகப் போட்டதால் பல பழைய தெருக்களில் வீட்டு வாசல் ரோட்டைவிடக் கீழே போய்விட்டது. படி ஏறிப் போன வீட்டுக்கு இப்போது படி இறங்கிப் போகிறார்கள். வடிகாலுக்குப் போக வேண்டிய தண்ணி வீட்டுக்குள் வருகிறது.

ஒரு தண்ணி... எத்தனை துறை?

தெருவோர வடிகால் மாநகராட்சியுடையது. ஆறுகளும் பெரிய கால்வாய்களில் பெரும்பாலானவையும் நீர்வளத் துறை. நெடுஞ்சாலைத் துறை சாலைகளின் ஓரத்தில் இருக்கும் வடிகால் அந்தத் துறையுடையது. கழிவுநீர்க் குழாய் குடிநீர் வாரியம். தண்டவாளத்துக்கு அடியில் போகும் சிறுபாலம் ரயில்வே. இடையில் மெட்ரோ ரயில் பணிகள்.

மழைநீருக்கு இந்த எல்லைகள் எதுவும் தெரியாது. மாநகராட்சி தன் வடிகாலை அகலமாக்கிவிட்டு, அது போய்ச் சேரும் ரயில்வே சிறுபாலம் பழைய அகலத்திலேயே இருந்தால், வெள்ளம் அந்தச் சிறுபாலத்தில் இருந்து ஆரம்பிக்கும். பக்கிங்ஹாம் கால்வாயில் பறக்கும் ரயிலுக்கான தூண்களை நட்டது ஒரு துறை. கால்வாய் குறுகியதால் தேங்கும் தண்ணியை மோட்டார் வைத்து இறைப்பது இன்னொரு துறை. அந்த மோட்டார் தண்ணியை எங்கே கொட்டுகிறது? பெரும்பாலும் அதே வடிகால் வலையமைப்புக்குள்தான்.

2015 வெள்ளத்தை ஆராய்ந்த மத்திய தணிக்கைத் துறையின் அறிக்கை 2018-ல் சட்டப்பேரவையில் வைக்கப்பட்டது. அந்த வெள்ளம் மனிதர்களால் உண்டான பேரிடர் என்று அது சொன்னது. 2021 வெள்ளத்துக்குப் பிறகு ஓய்வுபெற்ற ஐஏஎஸ் அதிகாரி வெ.திருப்புகழ் தலைமையில் அமைக்கப்பட்ட குழு, 2023 மார்ச் மாதம் இறுதி அறிக்கையை முதல்வரிடம் கொடுத்தது. ஆய்வுக்குக் குறைவில்லை. ஒரு படுகையில் விழும் தண்ணி முழுவதற்கும், தெருவில் இருந்து முகத்துவாரம் வரை, ஒரே இடத்தில் பதில் சொல்லும் பொறுப்பு யாரிடம் என்பதுதான் இன்னும் மக்களுக்குத் தெளிவாகவில்லை.

பாதையின் கடைசியில் குடியேற்றப்பட்டவர்கள்

வெள்ளம் எல்லோருக்கும் சமம் என்று சொல்வதும் சரியில்லை. அடையாறு, கூவம் கரைகளில் வாழ்ந்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள், ஆற்றை மீட்பதற்காகவும் வெள்ள ஆபத்தைக் காரணம் காட்டியும் அப்புறப்படுத்தப்பட்டன. அவர்களில் பலருக்கு மாற்று வீடு கொடுத்தது பெரும்பாக்கத்திலும் செம்மஞ்சேரியிலும்.

அந்த இரண்டு இடங்களும் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தின் நீர்வழிப் பாதையை ஒட்டிய தாழ்வான பகுதிகள். கனமழை என்றால் அங்கேயும் தண்ணி சூழ்கிறது. வெள்ளத்துக்குப் பயந்து இடம் மாற்றப்பட்டவர்கள், நகரத்தின் தண்ணி முழுக்க வந்து சேரும் இடத்தில் இருக்கிறார்கள். மேம்பாலத்தில் ஏற்றி நிறுத்த அவர்களில் பலரிடம் கார் கிடையாது.

அப்போ என்னதான் தீர்வு?

தண்ணியை வேகமாக வெளியே தள்ளுவது பாதி வேலை. கடல் வாங்காத அந்தச் சில மணி நேரங்களுக்கு அதை எங்கேயாவது நிறுத்தி வைப்பது மீதி வேலை. வெள்ள மேலாண்மைப் பொறியியல் இன்று நகர்ந்திருப்பது இந்தப் பக்கம்தான்.

நமக்கு இது புதுசும் இல்லை. மேல் ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாகக் கீழ் ஏரிக்கு, அது நிரம்பினால் அடுத்த ஏரிக்கு என்ற சங்கிலித் தொடர் இந்தப் பகுதி முழுக்க இருந்தது. ஒவ்வொரு ஏரியும் வெள்ளத்தைக் கொஞ்ச நேரம் பிடித்து வைத்து, பிறகு மெதுவாக விட்டது. ஏரிகள் நகர்களாக மாறியபோது பாசனம் போனது எல்லோருக்கும் தெரிந்தது. வெள்ளத் தடுப்பும் போனது மழை வந்தபோதுதான் தெரிந்தது.

இப்போது சில இடங்களில் அது திரும்ப ஆரம்பித்திருக்கிறது. 2024-ல் அரசு திரும்ப எடுத்துக்கொண்ட கிண்டி ரேஸ் கோர்ஸ் நிலத்தில் குளங்கள் வெட்டப்பட்டன. அங்கே பிடித்து வைக்கும் தண்ணி அந்த அளவுக்கு வேளச்சேரி பக்கம் இறங்காது. மாநகராட்சிப் பூங்காக்கள் பலவற்றில் பள்ளம் வெட்டி 'ஸ்பாஞ்ச் பூங்கா' அமைத்திருக்கிறார்கள்.

எல்லா இடத்திலும் வடிகால் கட்டுவதும் சரி கிடையாது. கிழக்கு கடற்கரைச் சாலையை ஒட்டிய மணற்பாங்கான பகுதிகளில் வடிகால் திட்டம் வந்தபோது அங்கே இருந்தவர்களே எதிர்த்தார்கள். "இங்க பெய்ற மழை மண்ணுலயே இறங்கிடுது, நிலத்தடி நீரை ஏன் கடலுக்கு அனுப்பணும்?" என்பது அவர்கள் வாதம். விஷயம் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. களிமண் தரைக்கும் மணல் தரைக்கும் ஒரே மருந்து கிடையாது.

வீட்டளவிலும் கணக்கு இருக்கிறது. ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி மனையில் 10 செ.மீ. மழை பெய்தால் சுமார் 22,300 லிட்டர். கிட்டத்தட்ட இரண்டு லாரித் தண்ணி. தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு 2003-லேயே கட்டாயமாக்கப்பட்டது. அந்த அமைப்புகள் பல வீடுகளில் குழாய் அளவில் இருக்கின்றன. ஜல்லி அடைத்துப்போய், தண்ணி நேராகத் தெருவுக்கு வருகிறது.

இதெல்லாம் சேர்ந்தாலும் 49 செ.மீ. மழையைத் தடுத்துவிட முடியாது. அந்த மாதிரி நாளில் உயிரைக் காப்பது முன்னெச்சரிக்கை, ஏரியில் முன்கூட்டியே இடம் வைத்திருப்பது, மக்களை நேரத்தோடு வெளியேற்றுவது ஆகியவைதான். ஆனால் ஒவ்வொரு வருடமும் வரும் 10, 15 செ.மீ. மழைக்கு வீட்டுச் சாமானைத் தூக்கிப் பரணில் வைக்க வேண்டிய நிலைமையை மாற்ற முடியும்.

உங்கள் தெருவில் நீங்களே பார்க்கலாம்

மழைக்காலத்துக்கு முன்னால், ஆகஸ்ட், செப்டம்பரிலேயே இந்த ஆறு விஷயங்களைக் கவனியுங்கள்.

1. உங்கள் தெரு வடிகால் எங்கே போய் முடிகிறது? எந்தக் கால்வாயில் சேர்கிறது? இணைப்பு முடிந்துவிட்டதா, இல்லை நடுவில் பாதியில் நிற்கிறதா? பாதியில் நிற்கும் வடிகால் ஒரு நீளமான தொட்டி மட்டுமே.

2. தண்ணி இறங்கும் துளை ரோட்டைவிடக் கீழே இருக்கிறதா? மேலே இருந்தால் தண்ணி அதைச் சுற்றிப் போகும், உள்ளே இறங்காது.

3. மழையே இல்லாத மே மாதத்தில் வடிகாலில் தண்ணி ஓடுகிறதா? அப்படியென்றால் அது கழிவுநீர். யாரோ முறைகேடாக இணைப்புக் கொடுத்திருக்கிறார்கள். மழைக்கான இடத்தைச் சாக்கடை பிடித்துக்கொண்டிருக்கிறது.

4. தூர்வாரிய மண்ணை அள்ளிக்கொண்டு போனார்களா? ஓரத்திலேயே குவித்து வைத்திருந்தால் முதல் மழையில் அது திரும்ப உள்ளே போய்விடும்.

5. மூடி இல்லாத பள்ளம் இருக்கிறதா? 2022 அக்டோபரில் சென்னையில் மழைநீர் வடிகாலுக்காகத் தோண்டிய பள்ளத்தில் விழுந்து இளம் பத்திரிகையாளர் ஒருவர் உயிரிழந்தார். தண்ணி நிற்கும்போது பள்ளம் கண்ணுக்குத் தெரியாது.

6. மழை நின்ற பிறகு தண்ணி வடிய எத்தனை மணி நேரம் ஆகிறது? ஒவ்வொரு மழைக்கும் நேரம் தெரியும்படி போட்டோ எடுத்து வையுங்கள். போன வருடம் 12 மணி நேரம், இந்த வருடம் 3 மணி நேரம் என்றால் வேலை நடந்திருக்கிறது. 12 மணி நேரம் 12-ஆகவே இருந்தால், எத்தனை கி.மீ. வடிகால் கட்டினோம் என்ற அறிவிப்பு உங்கள் தெருவைப் பொறுத்தவரை ஒன்றுமில்லை.

புகார் சொல்ல மாநகராட்சியின் 1913 எண் இருக்கிறது. வார்டு கவுன்சிலர் இருக்கிறார். ஏரியா சபைக் கூட்டம் இருக்கிறது. அங்கே "எங்க தெருவுக்கு வடிகால் எப்போ வரும்?" என்பதுதான் வழக்கமாக எழும் கேள்வி. அதோடு இன்னொன்றையும் கேட்க வேண்டும்: "எங்க தெரு தண்ணி கடைசியா எங்க போய்ச் சேருது? அந்த இடம் மழை வரும்போது தண்ணி வாங்குற நிலைமையில இருக்கா?"

இந்தக் கேள்விக்குத் துறைகள் சேர்ந்து உட்கார்ந்து பதில் சொல்லும் வரை, வானிலை எச்சரிக்கை வரும் ஒவ்வொரு ராத்திரியும் வேளச்சேரி மேம்பாலத்தில் இடம் பிடிக்கப் போட்டி இருக்கும்.